செம்ப்ரான் சூடாகும் வரை

இளங்கோ எழுந்தான். பல் துலக்கினான். பால் பாக்கெட்டைக் கத்தரித்துக் காய்ச்சினான். டீ குடித்தபடியே, முந்தின வாரம் கிடைத்த செலரான் ஒன்றின் மேல் காய்ந்திருந்த பசையைப் பஞ்சால் துடைத்து, டப்பாவில் மற்றவற்றோடு வைத்தான். பிறகு குளித்தான்.

அவன் சேர்ப்பது பழைய கம்ப்யூட்டர் பிராசஸர்கள். அதிலும் விலை குறைந்தவை மட்டும். செலரான், டியூரான், செம்ப்ரான். பென்டியம் வாங்க வக்கில்லாதவர்கள் தலையில் கடைக்காரர்கள் கட்டியவை. யாரும் மதிக்காததால் சுலபமாகக் கிடைத்தன. மனைவி தீபிகா இறந்த பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம்.

மாமியார் சரசா போன் செய்தாள்.

"மாப்ள, பாப்பாவோட கம்ப்யூட்டரு சும்மா கீது. நாளிக்கு காயலான் கடைக்காரன் வரான். உங்களுக்கு எதுனா வோணுமா?"

தீபிகா காலேஜில் சேர்ந்தபோது வாங்கியது. உள்ளே செம்ப்ரான்.

கோவில்பதாகையில் மாமியார் வீட்டுக்குப் போனால் ஒரு கேள்வி வரும். அதற்குப் பயந்தே அவன் அந்தப் பக்கம் போவதில்லை. அன்று போனான்.

பெட்டியைத் திறந்து பார்த்தான். பிராசஸரும் மேலிருக்கும் விசிறியும் பசையால் இறுகியிருந்தன. அப்படியே பிடுங்கினால் அடியிலுள்ள கம்பிகள் வளைந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டால் பசை இளகும். சுவிட்சைப் போட்டான்.

"இன்னா மாப்ள, கழட்ட வந்துட்டு போட்டுகினு கீறீங்க?"

"சூடானாத்தான் விடும் அத்தை."

"தோசக்கல்லு மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

திரையில் தீபிகா என்ற பெயர் வந்தது. பக்கத்தில் மஞ்சள் வாத்துப் படம். பாஸ்வேர்டு கேட்டது. சூடாவதற்கு அது தேவையில்லை.

சரசா நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"கடசியா பாப்பா இன்னா சொன்னா மாப்ள? 'அம்மா'ன்னாளாம். எதுத்த ஊட்டு குப்பம்மா சொல்லிகினு திரியறா. அவ ஆஸ்பத்திரி பக்கமே வரல."

"ஒண்ணும் சொல்லல அத்தை."

"எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்றீங்க. மெய்யா சொல்லுங்க. அதுல நான் இல்லன்னாலும் பர்வால்ல."

தீபிகாவின் பொருள்களில் அவன் யாருக்கும் பங்கு கொடுக்காதது அந்தக் கடைசிப் பேச்சு ஒன்றுதான். சொன்னால் தெருவுக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் குப்பம்மா அதைத் திருத்தியும் விடுவாள்.

விசிறியின் அடியைத் தொட்டான். சுட்டது. கம்ப்யூட்டரை நிறுத்தி, விசிறியை மெல்லத் திருகினான். விட்டது. பிராசஸரை எடுத்தான். ஒரு கம்பிகூட வளையவில்லை. கர்ச்சீப்பில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். இனி கிளம்பலாம்.

சரசா எழுந்திருக்கவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை.

அவன் உட்கார்ந்தான்.

"டெங்கு முத்திப்போய் ஐசியூவுக்குத் தள்ளிட்டுப் போறாங்க. கதவுகிட்ட என்னைக் கூப்பிட்டா."

"ம்."

"குனிஞ்சேன். மெதுவாத்தான் சொன்னா. 'செருப்பு வெளிய கீது, எடுத்து பையில போட்டுக்கோ. புச்சு. எவனாச்சும் மாட்டிகினு பூடுவான்.'"