வியாழக்கிழமை நெல்தா சொன்ன மூன்றாவது படம்

வியாழக்கிழமை காலை பத்து மணி ஆனால் புவெர்த்தோ ஆலெர்சே துறைமுகத்தில் பாதிக் கடைகளில் வானொலிச் சத்தம் கூடிவிடும். அந்த வாரம் ஊருக்கு வந்த புதுப் படங்களைப் பற்றி நெல்தா பார்ரியா பேசும் நேரம் அது. அவளிடம் நட்சத்திரக் கணக்கு, மதிப்பெண் எதுவும் கிடையாது. மூன்றே தீர்ப்புதான். "இன்னைக்கே போங்க." "மழை பெஞ்சா போங்க." "வீட்லயே இருங்க." வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை கொட்டுகிற ஊர் என்பதால், இரண்டாவது தீர்ப்பு கிடைத்தாலே தியேட்டர்காரர் தோன் அலிரோவுக்கு வாயெல்லாம் பல்.

பத்து வருஷமாக அவள் சொன்னதை ஊர் கேட்டது. பெரிய நடிகர், பெரிய விளம்பரம் என்று தலைநகரத்திலிருந்து ஆர்ப்பாட்டமாக வந்த படங்களெல்லாம் அவள் "வீட்லயே இருங்க" என்று சொன்ன ஒரு சொல்லில் நாலே நாளில் பெட்டியைக் கட்டியிருக்கின்றன. பார்க்காத படத்தைப் பற்றி அவள் பேச மாட்டாள், பிடிக்காததைப் பிடித்ததாகவும் சொல்ல மாட்டாள். "நெல்தா வாயில பொய் வராது" என்பது மீன் சந்தையில் ஒரு பேச்சு வழக்காகவே ஆகிவிட்டது.

அந்த வாரம் மூன்று படங்கள் வந்திருந்தன. ஒன்று கல்யாண வீட்டுக் கலாட்டா, ஒன்று குழந்தைகளுக்கான பொம்மைப் படம். மூன்றாவது சான்தா எலேனாவின் கதை.

சான்தா எலேனா பதினோரு வருஷத்துக்கு முன்னால் மூழ்கிய மீன்பிடிப் படகு. அதில் போன ஏழு பேரில் ஒருவரும் திரும்பவில்லை. படகைச் செலுத்தியவன் நெல்தாவின் தம்பி எவரிஸ்தோ. தலைநகர் சந்தியாகோவிலிருந்து வந்தவர்கள் படகின் பேரையும் ஆட்களின் பேரையும் மாற்றித்தான் படம் எடுத்திருந்தார்கள். ஆனால் ஊருக்குத் தெரியாதா என்ன?

திங்கட்கிழமை மத்தியானம் ஒரியெத்தா கார்கமோ நாலு பெண்களோடு நெல்தா வீட்டுக்கு வந்தாள். படகில் சமையல்காரனாக இருந்த பெர்மினின் மனைவி இவள். சந்தையில் மீன் வறுத்து விற்கிறாள். அவள் குரலுக்கு லாரிக்காரர்களே ஒதுங்குவார்கள்.

"நெல்தா, முதல்ல நீ பாரு. எங்களால ஆகாது," என்றாள். "நம்ம ஆளுங்கள கோமாளியாக்கி வெச்சிருந்தா சொல்லிடு. இந்த ஊர்ல ஒரு டிக்கெட் விக்காது, அதை நான் பாத்துக்கறேன். ஒழுங்கா எடுத்திருந்தா ஏழு வீடும் சேந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் போறோம்."

"நான் எப்படிடி அதைத் தீர்மானிக்கிறது?"

"நீ தீர்மானிக்காம வேற யாரு? உன் தம்பியும் அதுல போனவன்தானே. நீ சொன்னா சரியா இருக்கும்."

நெல்தாவால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை மூன்று மணிக்கு தோன் அலிரோ அவளுக்காக மட்டும் படத்தைப் போட்டார். ஆளில்லாத அரங்கில் கணப்பு மூட்டவில்லை. மேல்கோட்டைக் கழற்றாமலே ஆறாவது வரிசையில் உட்கார்ந்தாள். மோசமாக இருக்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். மோசமாக இருந்துவிட்டால் சுலபமாகப் போய்விடும்.

படம் நன்றாக இருந்தது. வலை பின்னுகிற கைகள் நிஜக் கைகளாகத் தெரிந்தன. சமையல்காரன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே எல்லோரையும் கேலி செய்தான். பெர்மினை யாரோ பக்கத்தில் இருந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். தம்பியாக நடித்தவன் எவரிஸ்தோவை விட உயரம். ஆனால் சிரிப்பதற்கு முன் கீழுதட்டைக் கடித்துக்கொள்வது அப்படியே அவன்தான். நெல்தாவுக்குக் கண் கலங்கியது.

பிறகு அந்தக் காட்சி வந்தது. விடியாத நேரம். படகு கரையை விட்டுக் கிளம்பி அரை மணிதான் ஆகியிருக்கிறது. கம்பியில்லாக் கருவியில் ஒரு பெண் குரல்: "புயல் வருது, துறைமுகத்தை மூடிட்டாங்க, திரும்பி வா." தம்பியாக நடித்தவன் கேட்டுவிட்டுக் கருவியை அணைக்கிறான். என்னவென்று கேட்கும் ஆட்களிடம், "ஒண்ணுமில்ல, திறந்துதான் இருக்கு" என்கிறான்.



நிஜத்தில் அந்தப் பெண் குரல் நெல்தாவுடையது. அந்தக் காலத்தில் மீனவர் சங்கத்தில் படகுகளோடு பேசுகிற வேலை அவளுக்கு. துறைமுக அலுவலகத்தில் எழுத்தராக இருந்த ரெனாதோ பாரெதெஸ் ஆறுக்குக் கால் மணி இருக்கும்போது தொலைபேசியில் எச்சரிக்கை சொன்னான். ஆறு மணிக்கு அவள் தம்பியைக் கூப்பிட்டாள். மற்ற படகுகள் கரையில் கிடந்தன, கடலில் இருந்தது அவன் மட்டும்தான். மறுநாளோடு மீன் பருவம் முடிகிறது. "காதுல விழுந்துச்சுக்கா. மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன். யார்கிட்டயும் சொல்லாத," என்றான். அதோடு கருவி அணைந்துவிட்டது.

விசாரணையில் எச்சரிக்கை எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்டார்கள். "ஏழு மணிக்கு" என்றாள். அதற்குள் படகு பேச்சு எட்டாத தூரம் போயிருக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். தாமதமாகச் சொன்ன பழி ரெனாதோ மேல் விழுந்தது. இல்லை, ஆறுக்குக் கால் மணி முன்னாலேயே சொன்னேன் என்று ரெனாதோ கெஞ்சினான். தம்பியைப் பறிகொடுத்த பெண்ணின் வார்த்தைக்கு எதிரே அவன் பேச்சு எடுபடவில்லை. வேலை போயிற்று. ரொட்டிக் கடையில் அவன் மனைவி மேல் யாரோ எச்சில் துப்பினார்கள். மூன்றாம் மாதம் குடும்பத்தோடு ஊரை விட்டே போனார்கள். நெல்தாவும் சங்கத்து வேலையை விட்டாள். அந்தக் கருவிக்கு முன்னால் அவளால் அதற்கப்புறம் உட்கார முடியவில்லை.

ரெனாதோவைத் தேடிப் பிடித்துக் கேட்டுத்தான் படம் எடுத்திருக்கிறார்கள் என்பது இப்போது புரிந்தது. படத்தின் கடைசியில் விசாரணை அறை. கறுப்பு உடையில் ஒரு பெண்ணின் முதுகு. "ஏழு மணிக்கு." அவ்வளவுதான், முகத்தைக் காட்டவில்லை.

விளக்குகள் எரிந்தன. தோன் அலிரோ நடுப்பாதையில் வந்து நின்றார். "என்ன நெல்தா? இன்னைக்கே போங்கதானே? மூணு காட்சி போடலாம்னு இருக்கேன்."

"நாளைக்குச் சொல்றேன்."

"முகமே சரியில்லையே. மழைக்காவது தேறுமா?"

அவள் வெளியே வந்தாள். வெளியே நல்ல வெயில்.

நேரே தம்பி மனைவி பிளாங்காவின் வீட்டுக்குப் போனாள். சாயங்காலத் தேநீருக்கு ரொட்டியைச் சுட்டுக்கொண்டிருந்தாள் பிளாங்கா. மகள் மாய்தே இன்னும் மருந்துக்கடை வேலையிலிருந்து வரவில்லை. அடுப்பருகே உட்கார்ந்து நெல்தா எல்லாவற்றையும் சொன்னாள். பதினோரு வருஷத்தில் முதல் தடவை. ரொட்டி கருகும் வாடை வந்த பிறகுதான் இருவருக்கும் உறைத்தது.

"அப்போ அவருக்குத் தெரியும்," என்றாள் பிளாங்கா.

"தெரியும்."

"படத்துல அது வருதா?"

"வருது."

பிளாங்கா கருகிய ரொட்டியை அடுப்புக்குள் போட்டு மூடினாள். "பொய்னு சொல்லிடுங்கக்கா. சினிமாக்காரன் காசுக்காகக் கட்டிவிட்டதுன்னு சொல்லுங்க. நீங்க வீட்லயே இருங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா நாலு நாள்ல அந்தப் படம் ஊரை விட்டுப் போயிடும்."

"அதனாலதான் பயமா இருக்கு."

"என்ன பயம்? பதினோரு வருஷம் மூடின வாய் இன்னும் கொஞ்ச நாள் மூடியிருந்தா தேஞ்சு போயிடுமா?" பிளாங்கா அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். "மாய்தேவை நினைச்சுப் பாருங்க. அவ அப்பா பேரு துறைமுகத்து நினைவுக் கல்லுல முதல்ல இருக்கு. வருஷா வருஷம் போய்ப் பூ வெக்கிறா. ஆறு பேரைக் கொன்னவனோட மகள்னு சந்தைக்குள்ள சொல்வாளுங்க. ஒரியெத்தாவைத் தெரியாதா உங்களுக்கு? உயிரோட தோலை உரிச்சிடுவா."

"ரெனாதோவுக்கும் பிள்ளைங்க இருக்காங்க பிளாங்கா."

"அவன் எங்கயோ இருக்கான். நாங்க இங்க இருக்கோம்."

நெல்தா எழுந்தாள். பிளாங்கா வாசல் வரை வரவில்லை.

வியாழக்கிழமை பத்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வானொலி நிலையத்தில் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்த அறிவிப்பாளன் வால்தோ, "தொண்டை கட்டியிருக்கா? தண்ணி குடிங்க," என்றான். குடித்தாள்.  கையில் இரண்டு தாள்கள். இரண்டையும் காலையில்தான் எழுதினாள். ஒன்றில் "வீட்லயே இருங்க." இன்னொன்றில் நடந்தது நடந்தபடி. எதைப் படிக்கப் போகிறோம் என்று சிவப்பு விளக்கு எரிகிற வரைக்கும் அவளுக்கே தெரியாது.

விளக்கு எரிந்தது.

"கல்யாணக் கலாட்டா, மழை பெஞ்சா போங்க. மாமியாரா வர்ற அம்மாவுக்காகப் பொறுத்துக்கலாம். பொம்மைப் படத்துக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு இன்னைக்கே போங்க. அந்த நாரை பேசுற இடத்துல நானே சிரிச்சுட்டேன்."   

அவள் இரண்டு தாள்களையும் மேஜையில் கவிழ்த்து வைத்தாள். வால்தோ நிமிர்ந்து பார்த்தான்.

"மூணாவது படம் நம்ம சான்தா எலேனா. நல்ல படம். இன்னைக்கே போங்க. ஒரியெத்தா, பெர்மினைக் கோமாளியாக்கலை, அவனை மாதிரியே இருக்கான். ஆனா அதுல ஒரு காட்சி இருக்கு. எச்சரிக்கை வந்தும் படகு திரும்பாம போறது. அது பொய்யான்னு எல்லாரும் என்கிட்ட வந்து கேப்பீங்க. பொய் இல்ல. ஆறு மணிக்கு என் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னது நான். அவன் கேட்டான், பதிலும் சொன்னான். ஆளுங்ககிட்ட அவன் என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. அதைப் படத்துல ஊகமா வெச்சிருக்காங்க. விசாரணையில ஏழு மணின்னு பொய் சொன்னதும் நான்தான். ரெனாதோ பாரெதெஸ் நேரத்துக்குத்தான் சொன்னான். அவன் மேல ஒரு தப்பும் கிடையாது."

வால்தோ பாட்டைப் போட மறந்துவிட்டான். அரை நிமிஷம் ஊர் முழுக்க ஒன்றுமே கேட்கவில்லை.

இருபது நிமிஷத்தில் ஒரியெத்தா நிலையத்துக்கே வந்தாள். இடுப்பில் கட்டிய சமையல் துணியில் மாவு, முழங்கை வரை எண்ணெய். கதவைத் தட்டவில்லை. நெல்தா எழுந்து நின்றாள், அடிக்கட்டும் என்று.

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என் வீட்ல உக்காந்து தேத்தண்ணி குடிச்சியேடி," என்றாள் ஒரியெத்தா. சந்தைக் குரல் இல்லை, மெல்லிய குரல். "எப்படிடி உன்னால விழுங்க முடிஞ்சுச்சு?"

"முடியல."

"முடிஞ்சுதே! பதினோரு வருஷம் முடிஞ்சுதே!" மேஜைமேல் ஓங்கி அடித்தாள். தாள்கள் பறந்தன. "ரெனாதோ பொண்டாட்டி மேல துப்புனது யாருன்னு தெரியுமா உனக்கு? நான். ரொட்டிக் கடையில, எல்லாரும் பாக்க. உன் பேச்சைக் கேட்டுத் துப்புனேன். அந்த எச்சிலை இப்போ எங்க போய் அள்ளுவேன், சொல்லு."

 ஒரியெத்தா போய்விட்டாள். போகும்போது கதவைச் சாத்தக்கூட இல்லை.

மத்தியானம் நெல்தா படக் கம்பெனியைப் பிடித்து ரெனாதோவின் எண்ணை வாங்கினாள். அவன் எடுத்தான். அவள் பேரைச் சொன்னாள்.

"ரேடியோவுல சொன்னீங்களாமே. மச்சான் போன் பண்ணான்," என்றான். "ஏழுன்னு சொன்னதும் உங்க வாய், ஆறுன்னு சொல்றதும் அதே வாய். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அப்புறம் மன்னிப்பெல்லாம் கேளுங்க."

அன்றே துறைமுக அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தாள். வழக்கு வந்தாலும் வரலாம் என்றார் அதிகாரி. வரட்டும் என்றாள்.  வெளியே வந்தபோது பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவு வந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தியேட்டர் வாசலில் வரிசை சந்து வரை நீண்டிருந்தது. நெல்தா வந்ததும் பேச்சு நின்றது. யாரும் திட்டவில்லை. அவளுக்கு முன்னும் பின்னும் ஓர் ஆள் இடம் விட்டு நின்றார்கள். தோன் அலிரோ மட்டும் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "கடைசி வரிசையில உக்காருங்க," என்று முணுமுணுத்தார்.

ஏழு வீட்டாரும் நடுவில் உட்கார்ந்தார்கள். ஏழு வீடு என்பது சரியில்லை. பிளாங்கா வரவில்லை. விளக்கு அணைவதற்குச் சற்று முன் மாய்தே மட்டும் தனியாக உள்ளே வந்தாள், மருந்துக்கடைச் சீருடையோடு. அத்தையைப் பார்த்தாள், பக்கத்தில் வரவில்லை. காலியாக இருந்த இடம் ஒரியெத்தாவின் இருக்கைக்கு நேர் முன்னால். அங்கே போய் உட்கார்ந்தாள்.

திரையில் பெர்மின் வெங்காயம் நறுக்கியபோது அரங்கமே சிரித்தது. ஒரியெத்தாதான் முதலில் சிரித்தாள், அழுகையும் சேர்ந்த சிரிப்பு.

கருவியில் அந்தக் குரல் வந்தது. தம்பியாக நடித்தவன் அதை அணைத்தான். இருட்டில் மாய்தே சட்டென்று எழுந்து நின்றாள். வெளியே போகப் போகிறாளா, கத்தப் போகிறாளா, தெரியவில்லை. திரையின் வெளிச்சத்தில் அவள் உருவம் மட்டும் கறுப்பாக, அசையாமல் நின்றது. சுற்றிலும் தலைகள் திரும்பின. நெல்தா இருக்கையின் கைப்பிடியை இறுகப் பற்றினாள். எழுந்து ஓடிப்போய் அவளை அணைத்துக்கொள்ளலாம் என்றால் அந்த உரிமை தனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஒரியெத்தாவின் கை நீண்டு மாய்தேவின் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"உக்காரு பொண்ணு. எனக்குப் படம் தெரியல," என்றாள்.

மாய்தே உட்கார்ந்தாள். கை சட்டையை விடவில்லை. படம் முடிகிற வரைக்கும் அப்படியே பிடித்திருந்தது.

அந்தப் படம் ஐந்து வாரம் ஓடியது. ரெனாதோவின் பெயர் மீது இருந்த பழியை எழுத்துமூலம் நீக்க எட்டு மாதம் ஆயிற்று. பிளாங்கா இன்றுவரை நாத்தனாரோடு பேசுவதில்லை. ஒரியெத்தாவும் பேசவில்லை, அடுத்த குளிர்காலம் வரை.