மாரிமுத்து திறந்த ஃபைல்

காலை பத்தே முக்காலுக்கு அனிதா அந்த ஃபைலைத் திறந்தாள். மூன்றே நொடி. திரை உறைந்தது.

நல்லவேளை, அது நெட் இணைப்பைப் பிடுங்கி வைத்திருந்த சோதனைக் கம்ப்யூட்டர்.

பதினோரு நாளைக்கு முன்னால் இதே ஃபைலை ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மாரிமுத்து திறந்திருந்தார். ஒரு மணி நேரத்துக்குள் அங்கிருந்த அத்தனை கம்ப்யூட்டரும் பூட்டிக்கொண்டன. நான்கு நாள் மெஷின் ஓடவில்லை. முகம் தெரியாத எவனோ, பிராக்கெட் என்கிற இரும்புத் தாங்கி செய்து தர என்ன விலை என்று கேட்பதுபோல ஒரு டிராயிங் அனுப்பி, அதன் வழியாக உள்ளே புகுந்திருந்தான்.

மாரிமுத்துவின் வேலையே அதுதான். விலை கேட்டு யார் டிராயிங் அனுப்பினாலும் திறந்து பார்த்து, எவ்வளவு இரும்பு பிடிக்கும், மெஷினில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று சொல்வது. பத்தொன்பது வருடமாகச் செய்கிறார். இன்று மூன்று மணிக்கு அவர்மேல் விசாரணை. குற்றச்சாட்டு ஒரே வரி. அறிமுகமில்லாதவர் அனுப்பிய ஃபைலைக் கவனக்குறைவாகத் திறந்தார்.

டிராயிங்கைத் திறந்து காட்டும் மென்பொருள் அனிதாவின் அலுவலகத்தில் எழுதியது. எதனால் விழுந்தது என்று கண்டுபிடிக்கத்தான் ஃபைலின் பிரதி அவளிடம் வந்திருந்தது.

இருபது நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டாள்.

டிராயிங்குடன் ஒரு முன்னோட்டப் படம் வரும். அது எத்தனை புள்ளி அகலம், எத்தனை புள்ளி உயரம் என்று ஃபைலே சொல்லும். மென்பொருள் இரண்டையும் பெருக்கி, நினைவகத்தில் அந்த அளவுக்கு இடம் ஒதுக்கும். இந்த ஃபைல் சொன்ன அகலம் 65,536. உயரம் 65,537. பெருக்கினால் நானூறு கோடிக்கு மேல். விடைக்கென்று வைத்திருந்த கட்டம் அதைத் தாங்காது. பழைய பைக்கின் கிலோமீட்டர் மீட்டர் 99,999-ஐத் தாண்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்புமே, அப்படிச் சுற்றி வந்து வெறும் 65,536 என்று நின்றது. அவ்வளவுக்கு மட்டும் இடம் ஒதுக்கிவிட்டு மென்பொருள் படத்தின் புள்ளிகளை அதற்கும் மேலே கொட்ட ஆரம்பித்தது. வழிந்தது பக்கத்து நினைவகத்தில் போய் விழுந்தது. திருடனின் கட்டளைகள் அந்த வழிசலுக்குள்தான் இருந்தன.

சரிபார்ப்பு இல்லாமல் இல்லை. விடை பத்து கோடிக்கு மேல் போனால் ஃபைலை நிராகரி என்று ஒரு வரி இருந்தது. ஆனால் அது பெருக்கலுக்குக் கீழே இருந்தது. சுற்றி வந்த விடையைப் பார்த்து, சின்னதுதானே என்று வழிவிட்டது.

வரிக்குப் பக்கத்தில் எழுதியவர் பெயர். அனிதா.

சுரேந்தர் அவளுடைய முதலாளி. முழுவதும் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும் சார். மூணு மணிக்கு விசாரணை. மாரிமுத்து மேல தப்பில்லன்னு சொல்லிடலாங்க."

"அது அவங்க கம்பெனி விவகாரம். இதே சாப்ட்வேரை ஆறு ஃபேக்டரிக்குக் குடுத்திருக்கோம். ஒருத்தன் கிட்ட சொன்னா ஆறு பேரும் எடுத்துக் கடாசிடுவாங்க. நீ சத்தமில்லாம சரி பண்ணு. புது வெர்ஷன், வேகம் கூடியிருக்குன்னு அனுப்பிடலாம்."

"சார், அவரு..."

"முதல்ல சரி பண்ணும்மா. அப்புறம் பேசலாம்."

மறுத்திருக்கலாம். அவள் போய்ச் சரி செய்தாள். பெருக்குவதற்கு முன்னால், பத்து கோடியை அகலத்தால் வகுத்துப் பார். வருகிற எண்ணைவிட உயரம் பெரிதென்றால் பெருக்கவே வேண்டாம், ஃபைலைத் திருப்பி அனுப்பு. மூன்று வரி. அரை மணி நேர வேலை. ஒன்றுக்கு இரண்டாக, இருபதாகச் சோதித்துக்கொண்டே இருந்தாள். சோதித்துக்கொண்டிருக்கும்வரை வேறெதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை.

இரண்டேகாலுக்கு மாரிமுத்துவை அழைத்தாள்.

"வீட்டுலதான் இருக்கேன் தாயி" என்றார். குரலில் ஒன்றுமே இல்லை. "விசாரணையக் காலையிலயே முடிச்சிட்டாக."

அவர் வீடு இருக்கும் மத்திகிரிக்குப் பஸ் பிடித்தாள். அந்த மென்பொருளை நிறுவப் போனபோது ஒரு வாரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் அவள். "உங்க சாப்ட்வேரு முழிக்கிறதுக்குள்ள நான் மனசாலயே விலை போட்டுருவேன் தாயி" என்று கேலி செய்வார்.

வாடகை வீட்டின் முன்னறையில் ஆபீஸ் சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். மனைவி இருளாயி நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எழுதிக் குடுத்துட்டேன்" என்றார் மாரிமுத்து. "என் கவனக்குறைவுதான், நானாவே வேலைய விட்டு நின்னுக்கிறேன்னு. பன்னெண்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். போடலைன்னா போலீசுக்குப் போவோம், திருடனுக்கு நீ உள்ளாளான்னு அவுக விசாரிப்பாகன்னாக."

அனிதா சொன்னாள். அகலம், உயரம், சுற்றி வந்த எண், கீழே இருந்த வரி, அதை எழுதியது யார் என்பது வரை.

அவர் நிமிர்ந்தார். "அப்ப வேற எவன் திறந்திருந்தாலும்?"

"யார் திறந்திருந்தாலும் இதேதான் அண்ணா."

"பதினோரு நாளா அந்த டிராயிங்கத்தான் மனசுக்குள்ள பாத்துக்கிட்டு இருக்கேன். எங்கயோ ஒரு கோடு தப்பா இருந்திருக்கணும், அத நான் விட்டிருக்கணும்னு." கைகளைப் பார்த்துக்கொண்டார். "கோடெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

"சோத்துத் தட்டுல விரலால வரைஞ்சு பாக்காரு" என்றாள் இருளாயி. பிறகு அனிதாவின் பக்கம் திரும்பி, "உனக்கு இது எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது.

"பதினொரு மணிக்குத் தெரியுங்க."

இருளாயி திட்டவில்லை. "பதினொண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

அனிதா அங்கேயே போனில் மெயில் எழுதினாள். தவறு மென்பொருளில், எழுதியவள் நான், திறந்தவர்மேல் பிழையில்லை, சரி செய்த வெர்ஷன் வரும்வரை வெளியார் ஃபைல் எதையும் இதில் திறக்காதீர்கள். ஆறு தொழிற்சாலைகளுக்கும் அனுப்பினாள். நகல் சுரேந்தருக்கு. ஐந்து நிமிடத்தில் சுரேந்தர் அழைத்தார். பேசி முடித்தபோது அவளுக்கும் வேலை இல்லை.

மாரிமுத்துவின் தொழிற்சாலையிலிருந்து நாலரைக்குப் பதில் வந்தது. மாரிமுத்து கண்ணாடியைத் தேடாமல், "நீயே படி தாயி" என்றார்.

"தகவலுக்கு நன்றி. மென்பொருள் குறைபாடு குறித்து உங்கள் நிறுவனத்துடன் தனியே பேசிக்கொள்கிறோம். ஊழியர் தாமாகவே ராஜினாமா செய்திருப்பதால் அந்த விஷயம் முடிந்துவிட்டது."

"அம்புட்டுத்தானா?"

"அவ்வளவுதாங்க."

"என் மேல தப்பில்லைன்னு எங்கயும் போட்டிருக்கானா, நல்லாப் பாரு."

அனிதாவுக்குப் பதில் தெரியும். இருந்தாலும் முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள். அனுப்பியவர் பெயர், பதவி, தொலைபேசி எண், தொழிற்சாலையின் முகவரி வரை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். அவர் அவளுடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.