கழலாத வளையம்

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வர்றவங்களையே "சிரிக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன், அழச் சொல்லலையே"ன்னு கடிக்கிறவன். அப்படிப்பட்ட நான் ஒரு துண்டுக் கறுப்புக் கண்ணாடிக்காக ஒரு வாரம் கடை கடையா ஏறி இறங்கினேன். எல்லாம் அக்காவுக்காக.

அக்காவுக்குக் கை ஆடும். நல்லா துணி தைச்சுக்கிட்டிருந்தவ, ஊசியில நூல் கோர்க்க முடியாம மெஷினை மூடி வச்சுட்டா. டம்ளரைத் தூக்கினா பாதித் தண்ணி தரைக்குத்தான். ஆனா என் ஸ்டூடியோவுல பிளாஷ் அடிச்சு எடுத்தா, அந்த ஒரு நொடியில கை அப்படியே நிக்கும். "உன் படத்துலதான்டா என் கை சொன்ன பேச்சு கேக்குது"ம்பா.

இப்போ அவ மகளோட வீட்டுக்கே போறா, கடல் தாண்டி, ஒரேயடியா. மாமாவும் கூடவே. கிளம்பறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா.

"ஏரிக்கரையில என்னை ஒரு படம் எடு. உன் கடைச் சுவத்துல இருக்கே, தண்ணி பால் மாதிரி, அப்படி. கை மட்டும் ஆடக் கூடாது. அங்க வர்றவங்க என் கையைப் பாக்கறதுக்கு முன்னாடி அந்தப் படத்தைப் பாக்கட்டும்."

இதுல ஒரு சிக்கல் இருக்கு. தண்ணி பாலாகணும்னா லென்ஸ் மேல கறுப்புக் கண்ணாடி மாட்டி, கேமரா கண்ணை அரை நிமிஷம் திறந்து வைக்கணும், அதுக்குள்ள அசையறதெல்லாம் கலைஞ்சு புகையாயிடும். அரை நிமிஷம் அக்கா கை சும்மா இருக்காது. அதனால ரெண்டு படம் எடுக்கணும். கண்ணாடி இல்லாம பளிச்சுன்னு ஆளை ஒண்ணு, கண்ணாடி மாட்டித் தண்ணியை ஒண்ணு. ரெண்டையும் அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒட்டிடலாம்.

என்கிட்ட இருந்த பழைய கண்ணாடி உடைஞ்சு போச்சு. நல்லது வாங்கலாம்னு விலை கேட்டேன், தலை சுத்திடுச்சு. சரி, மலிவுல நல்லதா ஒண்ணு கிடைக்காதா என்னன்னு இறங்கினேன். கடையில வெள்ளைத் தாளை ஜன்னல்கிட்ட ஒட்டி, ஒவ்வொரு கண்ணாடியா லென்ஸ் முன்னாடி கையால பிடிச்சு எடுத்துப் பாத்தேன். ஒண்ணு தாளை ஊதாவாக்குச்சு. ஒண்ணு பழுப்பாக்குச்சு. ஒண்ணுல ஓரமெல்லாம் இருட்டு. கடைசியா ஒண்ணுல தாள் தாளாவே இருந்துச்சு. லாட்டரி அடிச்ச சந்தோஷம் எனக்கு. கண்ணாடியை அந்த அலசு அலசினவன், சுத்தி இருந்த வளையத்தை மாட்டிக் கழட்டிப் பாக்கவே இல்லை.

கிளம்பறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏரிக்குப் போனோம். அக்கா மஞ்சள் சால்வையைப் போத்திக்கிட்டு பெஞ்சுல உக்காந்தா. கேமராவை ஸ்டாண்டுல நிறுத்தினேன். மேகம் விலகி, தண்ணி மேல தங்கம் மாதிரி வெளிச்சம். ஐயோ, இது போயிடுமேன்னு பதறினேன். தண்ணியை முதல்ல எடுத்துடலாம், அக்கா எங்க போயிடப் போறான்னு நினைச்சேன். கண்ணாடியைத் திருகி மாட்டினேன். படத்துல தண்ணி அருமையா விழுந்துச்சு.

அப்புறம் வளையம் கழலலை.

சட்டையால பிடிச்சுத் திருகினேன். ரப்பர் பேண்டைச் சுத்தித் திருகினேன். மாமா பாத்துக்கிட்டே இருந்துட்டு, "தள்ளு மச்சான், அடைச்ச குழாயையே கழட்டினவன் நான்"னு வந்தார். அவர் முகம் சிவந்ததுதான் மிச்சம். அதுக்குள்ள மேகம் மூடிடுச்சு. மாத்திப் போட வேற லென்ஸும் இல்லை. கண்ணாடியோடவே பிளாஷ் அடிச்சுப் பாத்தேன், அந்தச் சனியன் அதையும் முழுங்கிடுச்சு. போன்ல எடுத்தேன், அந்த மங்கல்ல அதுலயும் கை இழுபட்டுத்தான் விழுந்துச்சு. கண்ணாடியை உடைச்சுடலாம்னு கீழ கிடந்த கல்லை எடுத்தேன்.

"டேய், கல்லைக் கீழ போடு. அந்த லென்ஸ்தான் உனக்குச் சோறு"ன்னா அக்கா. "கண்ணாடி இருந்தா இருந்துட்டுப் போகட்டும். நீ எடு. நான் ஆடாம இருக்கேன்."

"அரை நிமிஷம்க்கா."

"இருக்கேன்னு சொல்றேன்ல."

வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. இவ்வளவு பேசற வாய்! பட்டனை அழுத்தினேன். அவ ஒரு கையால இன்னொரு கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. பல்லைக் கடிச்சா. பிடிச்ச கையும் ஆடுச்சு, பிடிபட்ட கையும் ஆடுச்சு. மாமா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார். நான் ஸ்டாண்டுக்குப் பின்னால மரம் மாதிரி நின்னேன். போய் அந்தக் கையைப் பிடிச்சிருக்கலாம், பிடிச்சா படம் கெட்டுடும்.

"முடிஞ்சுதா? காட்டு."

காட்டினேன். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கற மலை ஊசி மாதிரி தெளிவு. பெஞ்சுல ஆணித்தலைகூடத் தெரியுது. சால்வை இருந்துச்சு. மணிக்கட்டுக்குக் கீழ ஒண்ணுமே இல்லை, வெறும் புகை.

அக்கா ரொம்ப நேரம் பாத்தா.

"ஏரியைப் பாரேன்டா. எவ்வளவு சமத்தா ஆடாம உக்காந்திருக்கு"ன்னா. அப்புறம் போய் வண்டியில ஏறிக்கிட்டா.

விடிகாலையில அவங்களை ஏர்போர்ட்டுல விட்டேன். உள்ள போறப்போ அக்கா கை காட்டினா. அது டாட்டாவா, இல்லை அதுவா ஆடுச்சான்னு எனக்குத் தெரியலை.

கடைக்கு வந்து பையைத் திறந்தேன். ராத்திரிக் குளிர்ல வண்டியிலயே கிடந்த லென்ஸ் சில்லுன்னு இருந்துச்சு. சும்மா ரெண்டு விரலை வளையத்துல வச்சேன். கழண்டு வந்துடுச்சு. நல்ல பிள்ளை மாதிரி, சத்தமே இல்லாம.

கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லித் தீத்தேன். அப்புறம் கேமராவைத் தூக்கி, பிளாஷைப் போட்டு, அக்கா எப்பவும் உக்கார்ற ஸ்டூலுக்கு நேரா பிடிச்சேன். இப்போ எல்லாம் சரியா இருக்கு. எடுக்கலாம். யாரை எடுக்கறது?