உரிமையாளர் நேரில் வரவும்

பேனா முனை தாளைத் தொட்டுவிட்டது. முதல் சுழி விழுவதற்குள் வக்கீலம்மா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"கையெழுத்துப் போடாதே."

ஸ்டேஷன் படிகளை இரண்டிரண்டாகத் தாவி வந்ததில் அவளுக்கு மூச்சு இரைத்தது. கைப்பை தோளிலிருந்து நழுவி முழங்கையில் தொங்கியது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஏட்டு, சாப்பிடும்போது இலையைப் பறிகொடுத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"மேடம், பொண்ணு தானாத்தான் எழுதுது. நான் ஒரு வார்த்தை சொல்லிக் குடுக்கல."

"அதுதான் பயமா இருக்கு. மைனர் பொண்ணு. பக்கத்துல பெத்தவங்க இல்ல, வக்கீல் இல்ல. நாளைக்கு இந்தத் தாளைக் கோர்ட்டுல நீட்டினா ஜட்ஜ் முதல்ல உங்களைத்தான் நிக்க வைப்பாரு."

ஏட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். "டீ சொல்லட்டுமா?"

பெண்ணுக்குப் பதினேழு வயது. நெற்றியில் சின்னதாக ஒரு பிளாஸ்திரி. வீட்டில் சில்லு என்று கூப்பிடுவார்கள். குழந்தையில் சில்வண்டு மாதிரி ஓயாமல் பேசியதால் அவள் அப்பா வைத்த பெயரின் மிச்சம் அது. இப்போது வாயைத் திறக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சில்லுவின் அம்மாவுக்குக் காலை டியூட்டி. ஆஸ்பத்திரி வேன் வந்து அழைத்துப் போய்விடும். கார் வீட்டில் நிற்கும். அதை எடுத்துக்கொண்டு கிளம்பிய சில்லு, பத்து மணிக்கு, போலீஸ் சோதனை நடக்கும் நாற்சந்தியில், சைக்கிளில் வந்த ரொட்டிக்காரரை இடித்துத் தள்ளியிருந்தாள். அவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது.

அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ரொட்டிக்காரரின் காலைப் படம் பிடித்ததே அவள்தான். "எந்தப் படுபாவி இடிச்சான்?" என்று அவரிடம் கேட்டுக்கொண்டே எடுத்திருக்கிறாள். படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த அதே நிமிஷம் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அங்கிருந்தே வக்கீலம்மாவைக் கூப்பிட்டாள்.

வக்கீலம்மா அந்த வாக்குமூலத்தை எடுத்துப் படித்தாள். இரண்டரைப் பக்கம்.

'இன்று காலை எட்டு மணிக்கு அப்பா வந்தார். ரெண்டு பேரும் காரைக் கழுவினோம். அப்பா என் மேல் தண்ணீர் அடித்தார். நானும் அடித்தேன். சாவியை அவரே என் கையில் கொடுத்து, நீ ஓட்டு சில்வண்டு, நான் பக்கத்தில் இருக்கேன் என்றார். கியர் கத்தியபோது சிரித்தார். திட்டவில்லை. சந்திக்கு முன்னால் பேப்பர் வாங்க இறங்கிக்கொண்டார்...'

விபத்தைப் பற்றி மொத்தம் நாலு வரி. மீதி முழுக்க அப்பா.

"அப்பா இப்ப எங்க?"

"வேற ஊர்ல. லிஃப்ட் மெக்கானிக்."

"கடைசியா எப்பப் பார்த்தே?"

"அதுலயே எழுதியிருக்கேனே ஆன்ட்டி. இன்னைக்குக் காலையில."

பொய்யைச் சொல்லும்போது பொதுவாகக் கண் கீழே போகும். இவள் கண் நேராக நின்றது. வக்கீலம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஏட்டிடம் வியாழக்கிழமை வரை தவணை வாங்கினாள்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறை வாசலில் அம்மா கொதித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஆளு இந்த ஊர்ல காலடி வச்சு ஆறு வருஷமாச்சு மேடம். காரைக் கழுவினாராம். முகத்தைக் கழுவவே மறந்துட்டுப் போற ஆளு."

"கார் ஏன் இன்னும் அவர் பேர்ல இருக்கு?"

"விவாகரத்துல கார் எனக்குன்னுதான் எழுதினாங்க. பேர் மாத்த ரெண்டு பேரும் ஒரே கவுண்டர்ல சேர்ந்து நிக்கணுமாம். நிக்கல."

"அப்ப கேட்டுக்குங்க. மைனர் கையில வண்டியைக் குடுத்தது யாரோ அவங்கதான் கூண்டுல ஏறணும். சில்லு எழுதினது நின்னா உங்க முன்னாள் வீட்டுக்காரர் ஜெயிலுக்குப் போவாரு. பொய்னு தெரிஞ்சா, கோர்ட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும். சாவி எங்க இருந்துச்சு?"

"ஆணியில."

"அவளை இதுக்கு முன்னாடி ஓட்ட விட்டிருக்கீங்களா?"

அம்மா வேகம் குறைந்தாள். "ஷெட்டுல இருந்து வெளிய எடுத்து வைக்கச் சொல்லுவேன். காலையில அவசரத்துல. அவ்வளவுதான்."

"அந்த அவ்வளவுதான் போதும், எதிர்த்தரப்புக்கு."

பக்கத்து வார்டில் ரொட்டிக்காரர் காலை உயரத்தில் கட்டிக்கொண்டு படுத்திருந்தார். வக்கீலம்மா தான் யார் தரப்பு என்பதை முதலிலேயே சொன்னாள். அவருக்கென்று தனி வக்கீல் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னாள். அவர் கையை ஆட்டினார்.

"யார் பக்கம் வேணா இருங்கம்மா. யாரை வேணா உள்ள தள்ளுங்க. எனக்கு இன்சூரன்ஸ்ல வர வேண்டியது வரணும், இழுக்கக் கூடாது. பொய்யை வச்சுக் கட்டின கேஸு பத்து வருஷம் இழுக்கும். அப்படி ஒரு கேஸ்ல மாட்டின மச்சான் ஒருத்தன் எனக்கு உண்டு."

"பொண்ணு வேகமா வந்துதா?"

"எங்க? என் சைக்கிளே அதை முந்தியிருக்கும். மெதுவாத்தான் வந்துச்சு. ஆனா என்னைப் பார்க்கல. தலையை அப்படியே திருப்பி, ஓரமா நின்ன போலீஸ்காரரையே பார்த்துக்கிட்டு வந்துச்சு."

"பயந்துட்டு?"

அவர் யோசித்தார். "பயம்னு சொல்ல முடியாது. பஸ்ஸை எதிர்பார்த்து நிக்கிறவங்க பார்ப்பாங்களே, அந்த மாதிரி."

அன்று சாயங்காலம் வக்கீலம்மா அந்த லிஃப்ட் மெக்கானிக்கை போனில் பிடித்தாள். விஷயத்தைச் சொன்னாள். 'எனக்குத் தெரியாமல் எடுத்துவிட்டாள்' என்று ஒரு கடிதம் அனுப்பினால் போதும், அவர் தலை தப்பிவிடும், நேரில் வரக்கூட வேண்டியதில்லை என்றாள். எதிர்முனையில் இரைச்சல். எங்கோ ஒரு லிஃப்ட் கூண்டு இறங்கும் சத்தம். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"எத்தனை மணிக்கு வரணும்?"

புதன்கிழமை பதினொரு மணி என்று சொல்லியிருந்தது. சில்லு பத்துக்கே வந்துவிட்டாள். தலை குளித்து, காதில் புதுத் தோடு போட்டு, வக்கீலம்மாவின் ஆபீஸில் கதவைப் பார்த்த நாற்காலியாகத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முதுகு நிமிர்ந்தது. தபால்காரர். டைப்பிஸ்ட். கீழ்த்தளத்துப் பல் டாக்டரிடம் போக வேண்டியவர் ஒருவர் வழி தவறி வந்தார். ஒவ்வொருவர் போன பிறகும் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக மடங்கியது. அம்மா ஜன்னலோரம் நின்று இதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பதினொன்றுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது அவர் வந்தார். கையில் டூல்ஸ் பை. நகக் கண்ணில் கிரீஸ். நாலு மாடி ஏறிய மூச்சு.

"கீழ லிஃப்ட்டுல கதவு சென்சார் போயிருக்கு மேடம். போகும்போது பார்த்துத் தரேன்" என்றார், யார் முகத்தையும் பார்க்காமல்.

"வந்ததும் வராததுமா வேலையா?" என்றாள் அம்மா.

அவர் அப்போதுதான் மெதுவாகச் சில்லு பக்கம் திரும்பினார். "தையல் போட்டாங்களா?"

"இல்லப்பா. சும்மா பிளாஸ்திரி."

வக்கீலம்மா இரண்டு தாள்களை மேஜையில் வைத்தாள். ஒன்று, அவருக்குத் தெரியாது என்று சொல்லும் கடிதம். இன்னொன்று சில்லுவின் இரண்டரைப் பக்கம். "முதல்ல இருக்கிறதுல கையெழுத்துப் போட்டா இன்னைக்கே நீங்க ஊருக்குப் போயிடலாம். இவ எழுதினதை ஆமான்னு சொன்னா மூணு வருஷம் வரை உள்ள இருக்கணும். ரொட்டிக்காரருக்கு இன்சூரன்ஸ்காரன் குடுக்கிறதையும் உங்ககிட்ட இருந்து பிடுங்குவான்."

அவர் கடிதத்தைத் தொடவில்லை. மற்றதை எடுத்தார். ஒருமுறை படித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் இன்னொருமுறை படித்தார்.

"தண்ணி அடிச்சேன்னு எழுதியிருக்கியே. குழாயிலயா, வாளியிலயா?"

"குழாயில."

"சரி." சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "இதெல்லாம் நடந்துச்சு மேடம்."

"ஞாயித்துக்கிழமை காலையில நீங்க எங்க இருந்தீங்க?"

"எட்டு மாடிக் கட்டடத்துல, லிஃப்ட் குழிக்குள்ள."

"பின்ன?"

"நடந்திருக்கணும். நடந்ததாவே வச்சுக்குங்க."

அம்மாவின் குரல் உடைந்தது. "மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை பிள்ளையைப் பார்க்கலாம்னு கோர்ட்டு எழுதிக் குடுத்துச்சு. ஒரே ஒரு தடவை வந்தீங்க. இப்ப ஜெயிலுக்குப் போக மட்டும் ஓடி வரீங்களா?"

"வந்தேனே. சில்லுதான் கதவைச் சாத்திக்கிட்டு, இனிமே வராதீங்கன்னு சொன்னா. அவளுக்கு வேண்டாம்னா நான் எதுக்குன்னு..."

"எனக்கு அப்ப பதினோரு வயசுப்பா" என்றாள் சில்லு.

அவர் பேனா மூடியைக் கழற்றினார். மூடினார். மறுபடி கழற்றினார். தாளின் அடிப்பகுதியைத் தன் பக்கம் இழுத்தார்.

சில்லுவின் உள்ளங்கை தாளின் மேல் விழுந்தது.

"வேணாம்பா. நீங்க உள்ள போவீங்கன்னு எனக்குத் தெரியாது. நேர்ல வந்து பொறுப்பு ஏத்துக்கிட்டாப் போதும்னு நினைச்சேன். சாவியை நானேதான் எடுத்தேன்."

வக்கீலம்மா முன்னால் சாய்ந்தாள். மூன்று நாளாக அவள் மண்டையைக் குடைந்த கேள்வி. "எங்க போகக் கிளம்பினே?"

"எங்கயும் இல்ல ஆன்ட்டி."

"எங்கயும் போகாம எதுக்குடி காரை எடுத்தே?" என்றாள் அம்மா.

சில்லு அப்பாவைப் பார்த்தே சொன்னாள். அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பழைய சில்வண்டு திரும்பி வந்ததுபோல நிறுத்தாமல் சொன்னாள்.

"என் கிளாஸ்ல ஒருத்தியோட அண்ணன் லைசென்ஸ் இல்லாம ஓட்டி மாட்டிக்கிட்டான். வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்கதான் நேர்ல வரணும்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டாங்க. அவங்க அப்பா வெளியூர்ல இருந்து வந்தாராம். மூணு மணி நேரம் பெஞ்சுல அவன் பக்கத்துலயே உக்காந்திருந்தாராம். நம்ம கார் உங்க பேர்ல இருக்கேன்னு தோணுச்சு. யாரையும் இடிக்கணும்னு நினைக்கல. போலீஸ் பிடிச்சாப் போதும். அவரு என்னைப் பார்க்கிறாரா பார்க்கிறாரான்னே வந்தேன், ரொட்டிக்காரரைக் கவனிக்கல. அப்புறம் ஏட்டு சார், கடிதம் அனுப்பினாக்கூடப் போதும், ஓனர் நேர்ல வர வேண்டியதில்லைன்னு சொன்னாரு. அதான் நீங்க சாவி குடுத்ததா எழுதினேன்."

அவர் கையில் பேனா அப்படியே நின்றது.

"அது மூணாவது ஞாயித்துக்கிழமைப்பா. முதல் ரெண்டு வாரமும் அந்தச் சந்தியை நாலு நாலு தடவை சுத்தி வந்தேன். யாருமே நிறுத்தல. ரெண்டாவது வாரம் அந்தப் போலீஸ்காரரே கையைக் காட்டி எனக்கு வழி விட்டாரு."