ஏழாம் நம்பர் கேஜ்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எது கழன்று விழுந்தாலும் அவள் பெயர்தான் அடிபடும். அறிவிப்புப் பலகையிலிருந்து காகிதம் விழுந்தால் பசையக்கா ஒட்டினது என்பார்கள். தபால் உறை பிரிந்துகொண்டால் அதுவும் பசையக்கா. அழுத்த எந்திரத்தை ஓட்டும் ஆபரேட்டருக்கு ஒருநாள் செருப்பின் அடிப்பாகம் பிய்ந்துவிட்டது. அதைக் கையில் தூக்கிக்கொண்டு கிடங்கு வாசல்வரை வந்து, "அக்கா, இதுவும் உங்க வேலையா?" என்று கேட்டுவிட்டுப் போனான். கூட நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் பல்லைக் காட்டி வைத்தாள். வயிறு பற்றி எரிந்தது. எட்டு வருடமாக எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

பசையக்கா என்பது ஒருகாலத்தில் மரியாதைப் பெயர். ஸ்ட்ரெய்ன் கேஜ் என்று ஒன்று உண்டு. நகத்தளவுதான் இருக்கும், மெல்லிய படலத்துக்குள் தலைமுடியைவிடச் சன்னமான கம்பி ஓடும். அதை இரும்பின் மேல் ஒட்டிவிட்டால், பாரம் ஏறும்போது இரும்பு எவ்வளவு அமுங்குகிறது, எவ்வளவு இழுபடுகிறது என்பதைக் கணினித் திரையில் கோடாகக் காட்டிவிடும். ஒட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. கையில் வியர்வை பட்டால் போச்சு, ஒரு தூசி உட்கார்ந்தால் போச்சு. அவள் ஒட்டிய கேஜ் பொய் சொன்னதே இல்லை என்று வெளியூர் ஆராய்ச்சிக்காரர்கள்கூட வந்து கேட்டு அழைத்துப் போன காலம் உண்டு.

எட்டு வருடத்துக்கு முன் அந்த ஆராய்ச்சிக்கூடத்துப் பேராசிரியர் ஒரு தூணைச் சோதனைக்கு வைத்தார். மெல்லிய இரும்புத் தகட்டில் செய்த பெட்டித் தூண். எவ்வளவு பாரத்தில் அது நெளியும் என்று சொல்ல அவர் சொந்தமாக ஒரு சூத்திரம் கண்டுபிடித்திருந்தார். நாற்பது கேஜ் ஒட்டியிருந்தாள். பாரம் பாதியைத் தாண்டியதும் முப்பத்தொன்பது கோடுகள் நேராக ஏறின. தூணின் அகலப் பக்கத்தில், நட்டநடுவில் இருந்த ஏழாம் நம்பர் மட்டும் வளைந்து திரும்பியது. அமுங்க வேண்டிய இடம் இழுபடுகிறது என்றால் தகடு அங்கே வெளிப்பக்கமாகப் புடைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சூத்திரம் சொன்ன பாரத்துக்கு வெகுதூரம் முன்னாலேயே தூண் நெளியப் பார்க்கிறது.

பேராசிரியர் ஒரு நிமிடம் திரையைப் பார்த்தார். பிறகு, "ஏழை விட்டுடுங்க, ஒட்டுனது சரியில்ல. இறக்குங்க, போதும்," என்றார். சோதனை அங்கேயே நின்றது. கட்டுரை முப்பத்தொன்பது கோடுகளோடு வெளிவந்தது. தான் ஒட்டியதில் குறையில்லை என்று அவள் துறையில் எழுதிக் கொடுத்தாள். விசாரணை வைத்தார்கள். ஏழாம் நம்பர் கேஜை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்த பேராசிரியர், தொட்டதும் கையோடு வந்துவிட்டது என்றார். அவள் ஓடிப்போய்த் தூணைப் பார்த்தாள். கேஜ் இருந்த இடத்தில் பிளேடு கீறிய தடம் இருந்தது. அதைச் சொன்னால் கேட்க நாதியில்லை. அவருக்குத் துறைத்தலைவர் நாற்காலி வந்தது. அவளுக்குக் கிடங்கில் போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரித்துவைக்கும் வேலை வந்தது.

இப்போது ஒரு பெரிய கம்பெனி அதே சூத்திரத்தை நம்பி, இன்னும் மெல்லிய தகட்டில் தூண்கள் செய்யப் போகிறது. அதற்கு முன் ஒரு தூணைச் சூத்திரம் சொல்லும் நூற்றிருபது டன் வரைக்கும் முழுசாக ஏற்றிக் காட்டச் சொன்னது. அவர் தயங்கவே இல்லை. பொய்யை எட்டு வருடம் மேடை மேடையாகச் சொன்னதில் அவருக்கே அது உண்மையாகிவிட்டிருந்தது. ஆனால் புதிதாக ஒட்ட வந்தவன் பாதியில் வேறு வேலைக்குப் போய்விட்டான். அவன் ஒட்டிவிட்டுப் போனதில் பாதி கேஜ்கள் தூணில் நிற்கவில்லை. சோதனைக்கு நான்கு நாள்தான் இருந்தது. வேறு வழியில்லாமல் மனிதர் கிடங்குக்கே வந்தார். மன்னிப்பு, வருத்தம் ஒன்றும் கிடையாது.

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா," என்றார்.

"நான் எதுக்கு சார் வச்சுக்கப் போறேன்?" என்றாள்.

வீட்டில் சாப்பிடும்போது கணவரிடம் சொன்னாள். அவர் லேத் பட்டறைக்காரர். இரும்பைப் பற்றியும் அவளைப் பற்றியும் நன்றாகத் தெரிந்தவர். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, விரலில் லேசாக எண்ணெய் இருந்தால் போதுமே, நாற்பதும் புட்டுக்கொள்ளுமே, கம்பெனிக்காரர்கள் முன்னால் பேராசிரியரின் மானம் கப்பலேறுமே என்று ஆசை காட்டினார்.

அவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். பிசகாகத் துடைத்தால் போதும். யாருக்கும் தெரியாது. நாற்பது கோடுகளும் குடிகாரன் நடப்பதுபோலத் தள்ளாடும். நினைக்கவே இனித்தது. ஒரு வாய்ச் சோறு இறங்குவதற்குள் அந்த இனிப்பு கசந்துவிட்டது.

"அப்படி ஒட்டுனா அவர் சொன்னது உண்மையாயிடுங்க. நான் சரியா ஒட்டணும். இதுவரைக்கும் ஒட்டாத மாதிரி ஒட்டணும்."

கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். "இந்தக் கோவத்துக்குப் பசை தானா காஞ்சிடும்," என்று சொல்லிவிட்டு, அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

மறுநாள் தூணின் வரைபடத்தைக் கையில் வாங்கியதும் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பேராசிரியர் பழைய வரைபடத்திலேயே தேதியை மாற்றிக் கொடுத்திருந்தார். சோம்பேறித்தனம். ஏழாம் நம்பர் அதே இடத்தில், அகலப் பக்கத்தின் நட்டநடுவில் இருந்தது. அவருக்கு அது மறந்துபோயிருந்தது. கெடுத்தவர்களுக்கு மறதி சுலபமாக வந்துவிடுகிறது, அடிபட்டவர்களுக்குத்தான் வந்து தொலைப்பதில்லை.

நாற்பது இடங்களையும் உப்புத்தாளால் தேய்த்தாள். குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கிழித்து இடம் குறித்தாள். பஞ்சால் ஒரே திசையில் துடைத்தாள். முன்னும் பின்னும் துடைத்தால் அழுக்கு திரும்பி வரும். பஞ்சில் துளிக் கறுப்புகூட ஒட்டாதவரை துடைத்துத் துடைத்து எறிந்தாள். கேஜை வைத்து, கட்டைவிரலால் ஒரு நிமிடம் அமுக்கிப் பிடித்தாள். ஏழாம் நம்பரை மட்டும் மூன்று நிமிடம் பிடித்தாள். அந்தத் தூண்களுக்கு அடியில் நாளைக்கு நிற்கப்போகிறவர்களைப் பற்றி அவள் நினைத்தாள் என்று சொன்னால் அது பொய். அவள் நினைத்தது ஒரே ஒரு மனிதரை. அவர் முகம் எப்படி மாறும் என்பதை.

சோதனையன்று காலை கம்பெனியிலிருந்து ஒரு பெண் இன்ஜினியர் நான்கு பேரோடு வந்திருந்தாள். அவர்கள் எதிரிலேயே பசையக்கா ஒரு தாளை நீட்டினாள். ஒவ்வொரு கேஜும் பிடித்திருக்கிறதா என்று மீட்டரில் பார்த்து, அளவைக் குறித்து, சார் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். பேராசிரியருக்கு எரிச்சல். ஆனால் நல்ல முறைதானே என்று இன்ஜினியர் சொல்லிவிட்ட பிறகு என்ன செய்வார்? மீட்டரைப் பிடித்து நாற்பதையும் பார்த்தார். ஏழாவதைப் பார்த்தபோதும் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. நாற்பது இடத்திலும் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். தாளை நான்காக மடித்து அவள் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லோரும் நின்றார்கள். ஆபரேட்டர் பாரத்தை ஏற்றினான். முப்பது டன், ஐம்பது டன், அறுபது டன். நாற்பது கோடுகளும் நேராக ஏறின. பேராசிரியர் சூத்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். எழுபதில் ஏழாம் நம்பர் கோடு வளைந்தது. எழுபத்தைந்தில் திரும்பியது.

இன்ஜினியர் அது என்ன என்று கேட்டாள்.

"அது ஒட்டுனது சரியில்லாம இருக்கும்," என்றார் பேராசிரியர். புத்தி தடுப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

பசையக்கா பையிலிருந்து தாளை எடுத்து, நான்கு மடிப்பையும் நிதானமாகப் பிரித்து, இன்ஜினியர் கையில் கொடுத்தாள். இன்ஜினியர் ஏழாவது வரியில் விரலை வைத்து அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஆபரேட்டர் கைப்பிடியைப் பிடித்தபடி உத்தரவுக்குக் காத்திருந்தான். பேராசிரியர் திரையிலிருந்து கண்ணை எடுத்துத் தூணைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு அந்த இடம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் பக்கம் சாய்ந்தார்.

"நிறுத்திடலாமாம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

எட்டு வருடமாக இந்த ஒரு நொடிக்குத்தான் காத்திருந்தோம் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எதுக்கு சார் நிறுத்தணும்? ஏழை விட்டுடுங்க, ஒட்டுனது சரியில்ல. ஏத்துங்க."

நூற்றிருபது வரைக்கும் என்றுதானே பேச்சு என்றாள் இன்ஜினியர். அவரால் வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை, ஏற்று என்றும் சொல்ல முடியவில்லை. கையை மட்டும் அசைத்தார். ஆபரேட்டர் ஏற்றினான். எண்பத்து மூன்றில் தூணின் அகலப் பக்கம் வயிறு போலப் புடைத்தது. மறுகணம் பெரிய சத்தத்தோடு நடுவில் மடிந்து, துருப்பொடி பறக்க உட்கார்ந்துவிட்டது.

பாரத்தை இறக்கியதும் எல்லோரும் தூணருகே போனார்கள். மடிப்பின் உச்சியில், இரும்போடு இரும்பாக வளைந்து, ஏழாம் நம்பர் அப்படியே இருந்தது.

"பிச்சுப் பாருங்க சார்," என்றாள்.

ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க அவர் குனிந்து ஓரத்தை நகத்தால் சுரண்டினார். வரவில்லை. இன்னொரு பக்கம் சுரண்டினார். அவள் சட்டைப் பையிலிருந்து, காகிதத்தில் சுற்றிய புது பிளேடு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இந்தாங்க சார். போன தடவை இதுலதான எடுத்தீங்க?"

அவர் அதை வாங்கவில்லை, மறுக்கவும் இல்லை. சுரண்டிய விரலை மற்றக் கையால் பிடித்தபடி நின்றார். இன்ஜினியர் பேனாவைத் திறந்து, போன தடவை என்றால் எந்தத் தடவை என்று பசையக்காவிடம் கேட்டாள். அவள் முதலிலிருந்து சொன்னாள். சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆனது. இன்ஜினியர் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆபரேட்டர் கிடங்கு வாசலுக்கு வந்தான். கையில் பழைய செருப்பு. ஏதோ சொல்ல வந்து தலையைச் சொறிந்தான். இதைக் கொஞ்சம் ஒட்டிக் கொடுத்தால் இந்த ஜென்மத்தில் பிய்யாதே என்று குழைந்தான். அதுதான் அவனுக்குத் தெரிந்த மன்னிப்பு. அது அவளுக்கும் புரிந்தது.

"கடைல குடுத்துத் தைச்சுக்கோ," என்று சொல்லிவிட்டு, அவள் போல்ட்டுகளை எண்ணி ஒப்படைத்தாள்; கேஜ் ஒட்டும் தன் பழைய மேசைக்குக் கிளம்பினாள்.