இரண்டு மில்லிமீட்டர் தகடு

பட்டறையில் மண்ணெண்ணெய்த் தட்டில் ஊறிக் கிடந்த போல்ட்டுகளைத் துடைத்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தேன். அடியில் கைவிட்டுத் துழாவியபோது அந்தத் தகடு அகப்பட்டது. இரண்டு மில்லிமீட்டர் கனம், நடுவில் ஓட்டை.

என் மாப்பிள்ளையின் காரில் இருக்கவேண்டிய தகடு அது. மாப்பிள்ளை என்றால் தங்கை புருஷன். அவனுக்கு என் தங்கை இரண்டாம் தாரம். முதல் தாரம் அந்த ஐம்பது வருஷத்துக் கார்.

பிரேக் மிதிக்கு முன்னால் உருண்டையாக ஒரு டப்பா உண்டு, சர்வோ என்போம். காலின் சின்ன அழுத்தத்தை வாங்கிப் பல மடங்காக்கிக் கொடுக்கும். பழையது கெட்டுப்போனதால் நேற்றுதான் புதிது மாட்டினேன். அதற்கும் பிரேக் சிலிண்டருக்கும் நடுவில் இந்தத் தகடு உட்கார வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கம்பி சிலிண்டரை அழுத்திக்கொண்டே இருக்கும். காலை எடுத்தாலும் பிரேக் முழுசாக விடாது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒன்றும் தெரியாது. நானும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன். ஒரு மணி நேரம் ஓடினால் சக்கரம் சூடேறும், பிரேக் ஆயில் கொதிக்கும். அப்புறம் மிதித்தால் மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது.

அவர்கள் கிளம்பி ஒரு மணி நேரம் தாண்டியிருந்தது. அவன், தங்கை, ஐந்து வயசுப் பாப்பா. போகிற வழியில் மலை.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோதுதான் எடுத்தான்.

"என்ன மச்சான், அதுக்குள்ள என் ஞாபகமா?"

"மாப்ள, வண்டிய நிறுத்து. புது சர்வோ சரியில்லன்னு தோணுது. கடைக்காரன் மட்டமான சரக்கத் தள்ளிட்டான் போல."

அவன் சிரித்தான். சிரிக்கத்தான் செய்வான். போன வருஷம் இதே மாதிரி போன் பண்ணி, "பின்சக்கர நட்டு நாலும் என் மேஜை மேல இருக்கு" என்று விளையாட்டுக்குப் பொய் சொன்னவன் நான். இஸ்திரி போட்ட பேன்ட்டோடு நடுரோட்டில் மண்டிபோட்டு அவன் நட்டை எண்ணியதை ஆறு மாசம் சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன்.

"போன தடவை நட்டு, இந்தத் தடவை சர்வோவா?"

"சத்தியமா மாப்ள!"

"அப்பவும் சத்தியந்தான் பண்ணுனீங்க."

"வண்டி எப்படி இழுக்குது?"

"ஏத்தத்துல திணறுச்சு. உங்க தங்கச்சிய ஏத்துனா திணறாதா? தூங்குறா, அதான் தைரியமாச் சொல்றேன். ஏதோ கருகுற வாசனை வேற. முன்னால போற லாரியா இருக்கும்."

"இப்ப எங்க இருக்க?"

"உச்சியத் தாண்டியாச்சு. இனிமே இறக்கந்தான், சும்மா பறக்கும்!"

இருபத்தெட்டு வருஷமாக ஸ்பானர் பிடிக்கிறேன். என் கையால் தப்பு நடந்தது என்று ஒருத்தரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. உடைந்தால் பார்ட்ஸ் மட்டம், ஓடாவிட்டால் பெட்ரோலில் கலப்படம், இரண்டும் இல்லையென்றால் ஓட்டுகிறவருக்கு ஓட்டத் தெரியவில்லை. அந்த நேரத்திலும் என் வாய் அதே தடத்தில்தான் ஓடியது. பார்ட்ஸைத் திட்டினேன், கடைக்காரனைத் திட்டினேன். திட்டத் திட்ட அவனுக்குச் சிரிப்பு கூடியது. பின் சீட்டில் பாப்பா ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும்தான் செத்துப்போவார்கள் என்று முதல்முறையாக நினைத்தேன்.

"மாப்ள, தப்புப் பண்ணிட்டேன். ஒரு தகடு மாட்ட மறந்துட்டேன். இதோ என் கையிலதான் இருக்கு. முழுக்க என் தப்பு."

சிரிப்பு சட்டென்று நின்றது. எனக்குப் பழக்கமில்லாத குரலில் சொன்னான்: "மச்சான்... மிதி உள்ள போகுது."

"மிதிய நம்பாத! செகண்ட் கியர் போடு! வேகம் கொறஞ்சதும் ஃபர்ஸ்ட். ஹேண்ட் பிரேக்கக் கொஞ்சங் கொஞ்சமா இழு. பள்ளத்துப் பக்கம் போகாத, மலைய ஒட்டிப் போ!"

இன்ஜின் அலறியது. "ஏங்க! என்னங்க!" என்று தங்கை விழித்துக் கத்தினாள். பாட்டு நின்றது. யாரோ நீளமாக ஹார்ன் அடித்தார்கள். அப்புறம் சரசரவென்று ஒரு சத்தம், ஒரு இடி, அதோடு எல்லாம் அடங்கிவிட்டது.

"மாப்ள! பாப்பா! யாராவது பேசுங்க!"

இங்கே காற்றடிக்கும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினால் அங்கே நடப்பது நன்றாகக் கேட்கும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் பாப்பா வீறிட்டு அழுதாள். கிடந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தங்கைதான் போனை எடுத்தாள். "ஜல்லிக் குவியல்ல ஏறி நின்னுடுச்சுண்ணா. யாருக்கும் ஒண்ணும் ஆகல. இவருக்குத்தான் பேச்சே வரல."

நான் அழுதுகொண்டிருந்தேன். அவள் மூச்சு வாங்குவது கேட்டது.

"போன்ல ஆறு நிமிஷம்னு காட்டுது," என்றாள். "கூப்பிடும்போதே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் மொதல்லயே சொல்லல?"

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று அப்போதும் மனசு தேடியது.

"வெக்கமா இருந்துச்சும்மா."

அழுகைக்கு நடுவே பாப்பா கேட்பது கேட்டது: "யாரும்மா போன்ல? மாமாவா?"

"யாருமில்லடி," என்று சொல்லிவிட்டு என் தங்கை போனை வைத்தாள்.