பீமாராவ் ருசி பார்த்த பாட்டு

பீமாராவ் உல்லாசக் கப்பல் ஒன்றில் ஒயின் பரிமாறுகிறவன். விடுமுறையில் செஞ்சிக்கு வந்த மறுநாள், பெட்டியிலிருந்து ஒரு புட்டியை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான். அந்த வாரம்தான் அவன் மனைவி கலைமதி பாடிய முதல் ஆல்பம் வெளியாகியிருந்தது. பாட்டுக்கு ஒரு வாய் ஒயின் என்று இருவரும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பது அவனுடைய பல மாத ஆசை.

ராஜகிரிக் கோட்டை மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியதும் ஸ்பீக்கரில் முதல் பாட்டு ஓடியது. பீமாராவ் எவர்சில்வர் டம்ளரைச் சுழற்றி முகர்ந்து ஒரு வாய் குடித்தான்.

"நாவப்பழ வாசனை. அப்புறம் மழை பெஞ்ச மண்ணு. கடைசியில லேசா மிளகு" என்று அடுக்கினான்.

"பாட்டு?" என்றாள் கலைமதி.

"நல்லா இருக்குது."

அவள் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டாள். "இன்னாங்க இது? ஒரு வாய் ஒயினுக்கு இவ்ளோ பேச்சு, நான் பாடினதுக்கு ரெண்டே வார்த்தையா?"

அவனுக்குச் சுருக்கென்றது. டம்ளரைக் கீழே வைத்தான். பாட்டை மறுபடி போட்டு, கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் கேட்டான்.

"எடுத்ததும் மாம்பிஞ்சு மாதிரி துவர்க்குது. கோவத்துல பேசுவியே, அந்தக் குரலு. போகப் போக கனிஞ்சிடுது. பாட்டு முடிஞ்சும் தொண்டையிலயே நிக்குது" என்றான். பிறகு மெதுவாக, "கப்பல்ல தனியா கேட்டிருந்தா அழுதிருப்பேன்" என்றான்.

கலைமதிக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அடுத்த பாட்டுக்கு இன்னா சொல்றீங்க, பாக்கலாம்" என்று அவளே ஊற்றிக் கொடுத்தாள்.